திரும்பி வந்த வரி

நம்பினால் நம்புங்கள். அல்லாஹ் மீது ஆணை, நான் கயிறு திரிக்கவில்லை. போன ரமலானில், அலெக்சாந்திரியாவில், எனக்கே நடந்தது.

வீட்டில் மூச்சுத்திணறலோடு கிடப்பவர்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனியில் நான் புரோகிராமர். அன்று நோன்பு திறக்க எல்லோரும் வீட்டுக்குப் பறந்துவிட்டார்கள். பெருநாள் விடுமுறையில் யார் யாருக்குச் சிலிண்டர் என்ற பட்டியல் முடியாததால் நான் மட்டும் இருந்தேன். கிளம்பும்போது, நோயாளிகள் பதிவைப் பார்க்கும் நுஹா சிரித்தாள்.

"என்ன ஷவ்கி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? ரமலான்ல ஷைத்தானையெல்லாம் கட்டிப் போட்டிருக்காங்கப்பா. பயப்படாம வேலையப் பாரு."

பட்டியலை வரி வரியாக எடுத்துத் தரும் நிரல்துண்டுக்குக் கர்சர் என்று பெயர்; அதில் பல ரகம் உண்டு. சில முன்னும் பின்னும் போகும். மூலப் பட்டியலில் ஒன்று மாறினால் தானும் மாறிக் காட்டும். ஆனால் ஆமை வேகம். நான் வைத்தது வேகமான, முரட்டு ரகம். தொடங்கும்போது ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். பிறகு மூலத்தில் யார் சேர்ந்தாலும் செத்தாலும் அதற்குத் தெரியாது. நகலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. முன்னால் மட்டுமே போகும். தாண்டிய வரிக்குத் திரும்பாது.

ஐந்தரைக்கு ஓடவிட்டேன். ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துத் தட்டினேன்.

6:07. தெருவில் ஈ, காக்கை இல்லை. திரையில் 'ரவ்ஹிய்யா, கர்மூஸ் பகுதி, மொட்டை மாடி அறை' என்று வந்தது. மூலத்தில் பார்த்தேன். அந்தப் பெயர் இல்லை. நீக்கினால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். நகல் எடுத்த பிறகு நீக்கியிருப்பார்கள், பாவம். 'வேண்டாம்' என்று தட்டினேன்.

அடுத்த வரி... 'ரவ்ஹிய்யா, கர்மூஸ்.'

தாண்டிய வரி திரும்பாதே! மறுபடி தட்டினேன்.

'ரவ்ஹிய்யா.'

டும்! நோன்பு திறக்கும் நேரத்தை ஊருக்குச் சொல்லும் பீரங்கி. கையிலிருந்த பேரீச்சம்பழம் கீழே விழுந்தது.

சத்தம் அடங்கியது. அறைக்குள் இன்னொரு சத்தம். ஸ்ஸ்... ஸ்ஸ்... யாரோ மூச்சுக்குத் தவித்தார்கள்.

என் முதுகுக்குப் பின்னால்.

நான் திரும்பவில்லை. திரையில் பெயர் அழிந்தது... எழுத்து எழுத்தாக.

'பயூமி.'

அதே முகவரி.

ஓட்டுநர் ஹமூதாவுக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கே?"

"கர்மூஸ்ல. முதல் கவளம் வாயில வைக்கிறேன், அதுகூடப் பொறுக்கலையாண்ணே?"

முகவரியைச் சொன்னேன். "சிலிண்டரை மேல ஏத்து. இப்பவே. ஒண்ணும் கேக்காத."

6:31. அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, பயூமின்னு ஒரு கிழவர், உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடந்தாரு. இப்ப மூச்சு வந்துடுச்சு. பொண்டாட்டி பேர்ல வர்ற சிலிண்டரைத்தான் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வச்சுக்குவாங்களாம். 'ஆபீசுல சொல்லிட்டேன், வந்துடுவாங்க'ன்னு அந்தம்மா இப்பதான் பக்கத்துல நின்னு சொல்லுச்சாம்... அண்ணே, இங்க வேற யாருமே இல்லையே?"

மறுநாள் நுஹாவிடம் கேட்டேன்.

"ரவ்ஹிய்யாவா? காலையிலயே ஆஸ்பத்திரியில இறந்துட்டாங்க. புருஷன்கிட்ட யாரும் சொல்லலையாம். மூணு மணிக்கு நான்தான் பட்டியல்லேருந்து பேரை எடுத்தேன்."

என் நகல் ஐந்தரைக்கு எடுத்தது. அதில் அந்தப் பெயர் வந்திருக்கவே கூடாது.

நுஹா, ஷைத்தான்களை மட்டும்தானே கட்டிப் போட்டிருந்தார்கள்?