பேசாத நிமிடத்துக்குப் பூஜ்யம்

பாடம் நடத்துகிறவர்களிடம் போய், "நீங்கள் நடத்துவது சரியில்லை" என்பதை அவர்கள் மனம் நோகாமல் சொல்வதுதான் என் தொழில். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், ஜெராக்ஸ் அறைக்கு அடுத்த அறையில், 'ஆசிரியர் மேம்பாட்டு மையம்' என்று ஒரு பலகை தொங்குகிறதே, அந்த மையம் நான்தான். நானும் ஒரு சின்ன வீடியோ கேமராவும். பதினான்கு வருஷம் வேதியியல் நடத்திவிட்டு, ஆறு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்.

ஐந்து நாள் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்ததும் திடீரென்று காய்ச்சல் வந்தவர்களே, கழுத்தில் அட்டையும் கையில் ஆறிப்போன சமோசாவுமாகக் கடைசி வரிசை தேடி ஓடியவர்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்களைப் படுத்துகிறவள் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஏழு விநாடி

என் பயிற்சியில் ஒரு பாடம் உண்டு. வகுப்பில் கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நம்மில் பலர் ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை; கேள்வியையும் நாமே கேட்டு, பதிலையும் நாமே சொல்லி, "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது" என்பதையும் நாமே சொல்லிக்கொள்கிறோம். குறைந்தது ஏழு விநாடி காத்திருங்கள் என்று நான் சொன்னேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டால் நடக்கும் என்று அப்போது நம்பினேன்.

அடுத்த வாரம் மெக்கானிக்கல் துறை தங்கவேல் சாரின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இருபது வருஷம் அனுபவமுள்ள மனிதர். ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டு வலது கையை உயர்த்தி, விரல் விட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணினார். நாலாவது எண்ணிலிருந்து வகுப்பும் சேர்ந்து பாடியது. "ஏழு!" என்று அறுபது குரல் முழங்கியதும், பதிலை அவரே சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். வகுப்பு முடிந்து வராந்தாவில் அவரை மடக்கினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நீங்க சொன்ன ஏழையும் முழுசாக் குடுத்துட்டேனுங்க மேடம். அதுக்கு மேல குடுத்தா போர்ஷன் முடியாதுங்க."

வலது பக்கத்து முப்பது பேர்

நான் எடுக்கிற வீடியோவை அந்தந்த ஆசிரியர் என் அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தன் குரலைத் தானே கேட்பதைவிட ரத்தப் பரிசோதனை மேல் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். கணினித் துறையில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ச்செல்வி, இளம்பிள்ளையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண், துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே பார்த்தாள். படபடவென்று நன்றாகத்தான் நடத்தியிருந்தாள். நான் பாராட்டத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தி, முதலிலிருந்து இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னாள்.

இரண்டாவது தடவைதான் எனக்கும் தெரிந்தது. ஐம்பது நிமிடமும் அவள் முகம் இடது பக்கமே இருந்தது. கேட்டதும் பதில் சொல்கிற பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். நூறு வீடியோ பார்த்த என் கண்ணில் படாதது, முதல் வீடியோ பார்க்கிறவள் கண்ணில் பட்டுவிட்டது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பிரமிப்பாகவும் இருந்தது. திரையில் வலது ஓரத்தைக் காட்டி அவள் கேட்டாள்.

"மேடம், இந்தப் பக்கம் இருக்கிற முப்பது பேரும் இத்தனை நாளா யாருகிட்டங்க படிச்சாங்க?"

படிவமும் முதல்வரும்

இனி முருகேசன் சார் கதை. முதலாண்டுக்குக் கணிதம் நடத்துகிறவர். எம்.எஸ்சி. படிக்கப் பணம் சேர்க்க நாலு வருஷம் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போய் போர்வெல் போட்டவர். வகுப்பிலும் வெளியிலும் அளந்துதான் பேசுவார். இரண்டு வருஷத் தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரம் ஆகவில்லையென்றால் நடு வருஷத்தில் வேறு கல்லூரி எடுக்காது; மறுபடி ரிக்தான். மனைவியும், ஆறாவது படிக்கிற மகளும் இங்கே, அவர் வடக்கே.

எங்கள் முதல்வர் நல்ல மனிதர். பேச ஆரம்பித்தால் அவர் முன்னால் வைத்த டீயில் ஆடை கட்டிவிடும், அவ்வளவுதான் குறை. மாணவர்கள் எழுதிக் கொடுத்த கருத்துத் தாள்களை என் முன்னால் போட்டார். 'சார் பேசவே மாட்டேங்கிறார்' என்று பாதித் தாளில் இருந்தது. மூன்று வகுப்பு பார்த்து என் படிவத்தை நிரப்பித் தரச் சொன்னார்.

அந்தப் படிவம் நானே ராப்பகலாக யோசித்துத் தயாரித்தது. நிமிடத்துக்கு ஒரு கட்டமாக ஐம்பது கட்டம். ஆசிரியர் பேசினால் 'ஆ', மாணவர் பேசினால் 'மா'. யாரும் பேசாவிட்டால் கட்டம் காலி. நிரம்பிய கட்டத்துக்கு இரண்டு மதிப்பெண், காலிக் கட்டத்துக்குப் பூஜ்யம். மூன்று வகுப்பின் சராசரி ஐம்பதுக்குக் கீழே போனால் 'திருப்தி இல்லை'. ஒரு மனிதரின் வேலையை அதில் வைத்து நிறுக்கலாமா என்று நான் இழுத்தேன். முதல்வர் ஒரே போடாகப் போட்டார்.

"ஃபாரம் என்ன சொல்லுதோ அதுதானுங்க என் முடிவு. ஃபாரம் நீங்க போட்டதுதானுங்களே?"

கீழே வைத்த பேனா

முதல் இரண்டு வகுப்பிலும் முருகேசன் சார் தத்தித் தத்தி ஐம்பதைத் தாண்டினார். ஒரு கணக்கைப் போடுவார், சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். 'அட, வாயைத் திறங்களேன் சார்!' என்று எனக்குத்தான் கடைசி பெஞ்சில் வியர்த்தது.

மூன்றாவது வகுப்பில், பாதி நேரம் போனபிறகு, கரும்பலகையில் ஒரு வரி எழுதினார்: 'பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது?' எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். மலை தெரிகிற ஜன்னல். மூன்று நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிறகு ஒரு பையன் எழுந்து, "கூடாதுன்னு புக்குல இருக்குதுங்க சார்" என்றான். முருகேசன் சார் தலையை மட்டும் ஆட்டினார். இன்னொருவன் அவன் பக்கம் திரும்பி, "பத்து முட்டாயை யாருக்குமே குடுக்காம சமமாப் பங்கு போடுன்னா எப்படீடா போடுவ?" என்றான். "அப்ப மிச்சம் பத்துன்னு சொல்லு" என்றது ஒரு பெண் குரல். "குடுக்கவே இல்லீல்ல, அப்புறம் மிச்சம் எங்கிருந்து வருது?" என்று வேறொருத்தி எழுந்தாள். ஒருத்தரும் ஆசிரியர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தரோடு ஒருத்தர் பேசி, சண்டை போட்டு, நோட்டில் எழுதிக் காட்டி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருபது வருஷத்தில் நான் நடத்திய எந்த வகுப்பும் இப்படி இருந்ததில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஏன் சார் பேசாமல் நின்றீர்கள் என்று வெளியே வந்து கேட்டேன். ரொம்பக் கூச்சப்பட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"போர் போடறப்ப புழுதி பறந்தாத்தான் வேலை நடக்குதுன்னு தோட்டத்துக்காரங்க நெனைப்பாங்க மேடம். புழுதி நின்னா பயந்துக்குவாங்க. ஆனா, புழுதி நின்னாத்தானுங்க உள்ள ஈரம் வருதுன்னு அர்த்தம்."

முப்பத்தாறு

அந்த மயக்கத்திலேயே படிவத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுச் சேலம் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலையில் முதல்வர் கூப்பிட்டார். மேஜையில் கூட்டிப்போட்ட மதிப்பெண் இருந்தது. முதல் வகுப்பு ஐம்பத்தாறு, இரண்டாவது ஐம்பத்திரண்டு, மூன்றாவது முப்பத்தாறு. சராசரி நாற்பத்தெட்டு.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பூஜ்யக் கேள்வி எழுந்ததுமே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருக்கிறேன். கடைசி இருபத்துநாலு கட்டத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. வாய் பிளந்து வேடிக்கை பார்த்தது நான். பூஜ்யம் வாங்கியது அவர். நான் பார்த்ததிலேயே மிக நல்ல வகுப்புக்கு, என் படிவத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த மதிப்பெண்.

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சாக்கு மாதிரிக் கேட்டது. இப்போது உட்கார்ந்து கட்டங்களை நிரப்பித் தந்தால் அது பொய்க் கணக்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில், "நீங்களே ஒரு மணி நேரம் அவர் வகுப்பில் வந்து உட்காருவீர்களா சார்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மனதுக்குள் எண்ணினேன். ஏழு போனது. பதினைந்து போனது. முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தைந்து. எனக்கு நாக்கு துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வகுப்பிலும் முருகேசன் சார் எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. நாற்பதில் முதல்வர் கண்ணாடியை மாட்டினார்.

"சரி, வாரேனுங்க. நாளைக்கு எத்தனாவது பீரியடு?"

கடைசி பெஞ்சில் முதல்வர்

என் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மேட்டூரிலிருந்து வருகிற கவிதா. தமிழ் வழியில் படித்து வந்து, வருஷம் முழுக்க வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத பெண். முருகேசன் சார் பலகையில் தொட்டி ஒன்றை வரைந்தார். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்துப் பத்து சதவீதம் கூடினால், தொட்டி பிடிக்கிற தண்ணீர் எத்தனை சதவீதம் கூடும் என்று கேட்டார். வழக்கம்போல் நின்றார்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அதற்கு மேல் எங்கள் முதல்வரால் தாங்க முடியவில்லை. "முப்பது!" என்று உரக்கச் சொல்லிவிட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. 'கரெக்ட் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பிக்கும். தன் வேலை யார் கையில் இருக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரியாதா? அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பலகையில் '30' என்று எழுதினார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். மறுபடி ஜன்னலோரம் போய் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எத்தனை நேரம் போனதோ. என் வரிசையிலேயே பெஞ்சு கிரீச்சென்றது. கவிதா எழுந்து நின்றாள். "இல்லீங்க சார். முப்பது வராதுங்க. ஒண்ணு புள்ளி ஒண்ணை மூணு தடவை பெருக்கோணும். முப்பத்தி மூணு புள்ளி ஒண்ணு வருதுங்க." சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவர் யார் என்பது நினைவுக்கு வந்ததுபோல, நோட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல்வர் என் படிவத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். முன்பக்கத்தில் ஐம்பது கட்டமும் காலியாகக் கிடந்தன. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வராது என்று உங்களில் யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

படியிறங்கும்போது, வழக்கமாக மூன்று மாடிக்கும் பேசிக்கொண்டே வருகிறவர், இரண்டு மாடி வரை வாய் திறக்கவில்லை. கீழ்ப்படியில் நின்று சொன்னார்.

"அந்தாளு என்னைய அங்கயே திருத்தியிருந்தா அந்தப் புள்ள எந்திரிச்சிருக்காதுங்க மேடம். பெர்மனன்ட் ஆர்டரை இன்னைக்கே டைப் அடிக்கச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

பதினான்கு வருஷம் பாடம் நடத்தி, ஆறு வருஷம் பாடம் நடத்துவது எப்படி என்று பாடம் நடத்தி, கடைசியில் நான் கற்றுக்கொண்டது கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும்தான் என்பதால், இத்தனை வருஷம் எனக்கு எதற்குச் சம்பளம் தந்தார்கள் என்று நீங்கள் யாரும் தயவுசெய்து எங்கள் முதல்வரிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.