கழற்றாத மூக்குத்தி

வில்லியனூர் பக்கத்துக் கல்யாண மண்டபங்களுக்குப் போனவர்கள் ஜெயசுதாவைப் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள். வாசல் மேசைக்குப் பின்னால் பட்டுப்புடவையில் நின்று பன்னீர் தெளிப்பாள். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் நீட்டுவாள். சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் புகழேந்தி அவளை அங்கே நிறுத்தியிருந்தான். அந்த இடத்தில் நிற்பவள் சிரித்த முகமாக இருக்க வேண்டும். சுமங்கலியாகவும் இருக்க வேண்டும்.

சுமங்கலி என்பதில்தான் பேச்சு இருந்தது. அவள் புருஷன் அரிகரன், ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வேலைக்குச் சேர்ந்து சத்தீஸ்கர் போனவன். கொஞ்ச காலம் போன் வந்தது, பிறகு நின்றுவிட்டது. லாரி முதலாளியைக் கேட்டால், "சம்பளத்த வாங்கினு எங்கயோ எறங்கிப் போயிட்டாரும்மா" என்றார். வருஷங்கள் போயின. அவள் ஊரான சுத்துக்கேணியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அரிகரனின் அக்கா கனகாம்பாள்தான் தெருவில் நின்று அந்த வாய்களை அடைத்தாள்.

"எந்தம்பி உசுரோட கீறான். அவன் வர்ற வரைக்கும் அவ கழுத்துல தாலியும் மூக்குல மூக்குத்தியும் இருக்கும். எவளாவது பேசினீங்க, வூடு ஏறி வந்து கேப்பன்."

கனகாம்பாளுக்கு ஊர் பயந்தது. அந்தப் பயத்தின் நிழலில் ஜெயசுதா மண்டப வாசலில் நின்றாள். கல்யாணத்தன்று போட்ட ஏழு கல் மூக்குத்தியை அவள் ஒரு நாளும் கழற்றியதில்லை. கழற்றினால் அன்றைக்கே அரிகரன் எங்கோ செத்துப்போவான் என்று ஒரு நினைப்பு அவளுக்குள் ஊறிப்போயிருந்தது. யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

பிறகு மண்டபங்களில் பெரிய திரை வந்தது. வாசலில் நுழைகிறவர்களை வீடியோக்காரர் படம் பிடிக்க, உள்ளே மேடைக்குப் பக்கத்தில் அது சுவர் அளவுக்குத் தெரியும். ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் தங்கை புகழேந்தியைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள். அவன் ஜெயசுதாவிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

"தப்பா நெனைக்காதக்கா. ஸ்க்ரீன்ல உன் மூஞ்சி பெருசா வருதா, நெத்தியெல்லாம் ஏர் ஓட்டின மாரி கீது. காலேஜ் பொண்ணுங்கள நிறுத்துன்றாங்க. நீ பந்தியில எல எடுக்கறியா?"

"இத்தன வருஷம் இந்த நெத்தியோடத்தானடா வாசல்ல நின்னன்?"

"நான் இன்னாக்கா பண்றது? சித்திரை வரைக்கும் பாக்கறன். அதுக்குள்ள எதுனா பண்ணு."

இலை எடுப்பது கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. வாசலை விட்டால் சுமங்கலி என்ற பேரும் அதோடு போய்விடும் என்று பயந்தாள். ஊர் அவளை ஒப்புக்கொண்ட ஒரே இடம் அந்த மேசை.

வில்லியனூர் கடைத்தெரு மாடியில் ரோஸ்லின் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்ய மண்டபத்துக்கு வருவாள். ஜெயசுதாவுக்கு அப்படிப் பழக்கம். சென்னையில் யாரிடமோ கைமாறி வந்த, சுருக்கம் போக்கும் மெஷின் ஒன்றை ரோஸ்லின் அப்போதுதான் வாங்கிப் போட்டிருந்தாள். ஊரில் எல்லோரும் அதை லேசர் என்றார்கள். ஜெயசுதாவும் அப்படியே கேட்டுக்கொண்டு போனாள்.

"லேசர் வேறக்கா. அது வெளிச்சம். வெயில்ல கறுத்த தோலுக்கு ஏடாகூடமாப் போட்டா இன்னும் கறுத்துடும். இது ஆர்.எஃப். கரண்ட்ட உள்ள வுட்டுத் தோலைச் சூடு பண்ணும், தோல் இறுகும், சுருக்கம் கொறையும். கத்தி, ஊசி ஒண்ணும் கெடையாது. உனக்கு சும்மாவே பண்றன். முன்ன ஒரு போட்டோ, அப்புறம் ஒரு போட்டோ, ரெண்டையும் போர்டுல போட்டுக்கறன்."

முதல் நாள் முகத்துக்கு நேராக விளக்கைப் பிடித்து, நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தாள். பிறகு கரண்ட் வெளியே போக முதுகில் ஒரு தகட்டை ஒட்டினாள்.

"மெட்டல் எதுவும் கூடாது, கரண்ட்ட இழுத்துச் சுட்டுடும். கம்மல், வளையல் எல்லாம் கழட்டு."

ஜெயசுதா கழற்றினாள். தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தது. தாலிப் பொட்டைத் துணியில் சுற்றி ரவிக்கைக்குள் இறக்கிக்கொண்டாள்.

"மூக்குத்தி?"

"அது வராதும்மா. திருகு துருவேறிப் போச்சு. பத்தரே பாத்துட்டு முடியாதுன்னுட்டாரு."

எந்தப் பத்தரும் பார்க்கவில்லை. தங்கத்தில் துரு ஏறுமா என்று ரோஸ்லினும் யோசிக்கவில்லை. அவளுக்குப் போட்டோ வேண்டும். மூக்குத்தி மேல் இரண்டு மடிப்பு பிளாஸ்திரி ஒட்டி, "சுத்தி ஓட்டிடறன்" என்றாள்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. குளிர்ந்த களிம்பு தடவி, மெஷினின் பிடியைக் கன்னத்திலும் நெற்றியிலும் வட்டமாகத் தேய்த்தாள். இதமான சூடு. எழுந்து கண்ணாடியில் பார்த்தபோது முகம் சிவந்து, உப்பி, கொஞ்சம் இளசாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் பழைய கோடுகள் திரும்ப வந்திருந்தன.

"ஒரு தடவைல ஆவாதுக்கா. அடுத்த வாட்டி கொஞ்சம் ஏத்தி வெக்கறன்."

அடுத்த முறை ஏற்றி வைத்தாள். மூக்கை ஒட்டிய கோட்டில் பிடி வந்தபோது, களிம்பில் நனைந்திருந்த பிளாஸ்திரி நழுவியது. காய்ச்சிய கம்பியை மூக்கில் செருகியதுபோல் இருந்தது. ஜெயசுதா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கத்தினால் ரோஸ்லின் நிறுத்திவிடுவாள், மூக்குத்தியைக் கழற்றினால்தான் மேற்கொண்டு என்பாள்.

"சூடு தாங்குதாக்கா?"

"தாங்குது."

பிடி திரும்பவும் அந்தக் கோட்டில் வந்து போனது.

வீட்டுக்குப் போய் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். மூக்கு வீங்கி, மூக்குத்தி சதைக்குள் அமிழ்ந்தது. சீழ் வைத்து, காய்ச்சல் கண்டது. கனகாம்பாள்தான் அவளைப் பஸ் ஏற்றிப் பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இளம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இத ஒடனே வெட்டி எடுக்கணும். விட்டா மூக்கே அழுகிடும்" என்றார்.

"வேணாம்மா. மருந்து மட்டும் குடுங்க" என்றாள் ஜெயசுதா.

"மருந்து கேக்கற நெலமைய தாண்டிடுச்சும்மா."

ஜெயசுதா நாத்தனாரைப் பார்த்தாள். கனகாம்பாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வலது மூக்கின் ஓரம் ஒரு விரல்நுனி அளவுக்குப் போய்விட்டது. இரண்டு துண்டாக வெட்டிய மூக்குத்தியைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தில் மஞ்சள், குங்குமம், பவுடர் எதுவும் படக்கூடாது என்றார்கள்.

வெறும் நெற்றியும் வெறும் மூக்குமாக அவள் வெளியே வந்ததைக் கண்டு கனகாம்பாள் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் ஓலம் நிற்கவில்லை. சாவு வீட்டில் அழும் அழுகை அது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க."

"ஊரு வாய அத்தன வருஷம் அடைச்சி வெச்சன்டி. மினுக்கிக்கப் போயி நீயே அவன அனுப்பி வெச்சிட்டியே."

அதற்குப் பிறகு கனகாம்பாள் தெருவில் யாரிடமும் தம்பியைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

புண் ஆறியதும் ஜெயசுதா குங்குமம் வைக்காத நெற்றியோடே மண்டபத்துக்குப் போனாள். புகழேந்தி அவள் முகத்தைப் பார்த்தான். உடனே பார்வையை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பந்திக்குப் போக்கா" என்று மட்டும் சொன்னான்.

அவள் கூடையை எடுத்துக்கொண்டாள். போகிற வழியில் பெரிய திரை. பன்னீர்ச் சொம்போடு காலேஜ் பெண்ணின் முகம் சுவர் அளவுக்குச் சிரித்தது. அவள் மூக்கில் மூக்குத்தி இல்லை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் பந்தி எழுந்தது. வரிசைக் கடைசியில் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பண்டசோழநல்லூர்ப் பெரியம்மா ஒருத்தி இலையை மடித்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். குரலில் இரக்கம் இருந்தது.

"ஏம்மா, வூட்டுக்காரரு எப்ப தவறினாரு?"

ஜெயசுதாவின் தாலி ரவிக்கைக்குள் கிடந்தது. அதை எடுத்துக் காட்டியிருக்கலாம். பக்கத்து இலையையும் சேர்த்து எடுத்துக் கூடையில் போட்டாள்.

"ரொம்ப நாளாச்சும்மா" என்றாள். "சத்தீஸ்கர்ல."