அப்பாவின் மடியும் சிங்கப்பூர் லேசரும்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டும்போது பெண் அப்பா மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நெல் மூட்டை மேல் அப்பா, அவர் மடி மேல் பெண். இந்த ஏற்பாட்டைச் செய்த மகானுபாவருக்கு முட்டு வலி இருந்திருக்காது. பால்பல் விழாத குழந்தைக்குக் கல்யாணம் செய்த காலத்து யோசனை. நானோ எம்.எஸ்சி. முடித்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு வளர்ந்தவள். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து, தரையில் உட்கார்ந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார்.

அப்பாவால் முடியாவிட்டால் சித்தப்பா மடியில் உட்காரலாம், தோஷமில்லை என்றார் கல்யாணம் நடத்திவைக்கும் வாத்தியார். வந்தது வினை! சித்தப்பா பம்பாயில் இருந்தார், தினமும் காலையில் ஓடுகிறவர். ஆற்றங்கரை வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து அவர் பேரை எடுத்தாலே அப்பாவுக்கு ஆகாது. அவர் போனில் அம்மாவிடம், "கவலையே படாதீங்கோ மன்னி, நான் இருக்கேனே" என்று சொல்லிவிட்டார். அப்பா ஊஞ்சலில் இருந்தபடியே, "என் பொண்ணை நான்தான் மடியில வச்சுப்பேன், முட்டு உடைஞ்சாலும் சரி!" என்று கத்தினார். போனே இல்லாவிட்டாலும் பம்பாய்க்குக் கேட்டிருக்கும்.

பாளையங்கோட்டை எலும்பு டாக்டர் அப்பாவின் தொந்தியைப் பார்த்து, "சார், நீங்க உடம்பைக் குறைக்கணும்" என்று தெளிவாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து அப்பா இதைச் சொன்னதும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கே என் தட்டிலிருந்து நெய் போயிற்று. ராத்திரி இரண்டாவது தோசை போயிற்று. அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அப்பா காலை நெனச்சுப் பாத்து சாப்பிடுடி" என்பாள். தேய்ந்தது அப்பா முட்டு, பத்தியம் எனக்கு. இந்த நியாயம் வேறு எந்த ஊரில் நடக்கும்?

இந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து அண்ணா, முட்டு வலிக்கென்று ஒரு லேசர் மெஷினோடு வந்து இறங்கினான். சோப்பு டப்பா அளவில் ஒன்று, அதிலிருந்து ஒயர் போட்டு பேனா மாதிரி ஒன்று. பட்டனை அமுக்கினால் நுனியில் குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பு வெளிச்சம். அதை முட்டில் அங்கங்கே வைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்குப் போட்டுக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, சாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று தெருவில் பாதிப் பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள்.

அப்பா ஹைஸ்கூலில் பௌதிகம் நடத்தியவர். ஒளியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்பேர்ப்பட்டவர், பஞ்சாங்கம் பார்த்து வளர்பிறையில்தான் லேசரை ஆரம்பித்தார். கிழக்கே பார்த்து உட்கார்ந்துதான் பிடிப்பார். ராகுகாலத்தில் பிடிக்கவே மாட்டார். "அந்த நேரத்துல வெளிச்சம் வளைஞ்சு போகுமாப்பா?" என்று கேட்டேன். "அதிகப்பிரசங்கி" என்றார்.

எதிர்வீட்டுப் பிள்ளைவாள், ரிட்டையர்டு தாசில்தார், அப்பாவின் சிநேகிதர், முதல் ஆளாக வந்து வேட்டியை உயர்த்தி முட்டைக் காட்டினார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன வே இது, சூடே இல்லயே? வைத்தியம்னா கொஞ்சமாவது சுடணும், இல்ல எரியணும். இது சும்மா டார்ச் அடிக்க மாதிரில்லா இருக்கு" என்றார்.

"சுடாது வே. அதுதான் விஞ்ஞானம்" என்றார் அப்பா.

சுடாத விஞ்ஞானத்துக்கு மறுநாளிலிருந்து கூட்டம். எங்கள் தெருவில் இத்தனை முட்டு வலியா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. யாருக்கும் இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. எல்லாருக்கும் பாடம் நடத்தி, லேசர் பிடித்துவிட்டு, கடைசியில் தன் முட்டுக்கு வரும்போது கரண்ட் போய்விடும். வெறுங்கையோடு வரக் கூடாது என்று வந்தவர்கள் எல்லாரும் அல்வா வேறு வாங்கி வந்தார்கள். அதையும் அப்பாதான் சாப்பிட்டார். பெண்ணுக்குத்தான் பத்தியமாயிற்றே!

அப்பாவுக்கு வலி குறைந்ததா? சில நாள், "இன்னிக்குத் தேவலை" என்பார். காலை நீட்டி அத்தனை நேரம் சும்மா இருந்தால் லேசர் இல்லாமலே தேவலையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஒருநாள் மத்தியானம் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து, அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒத்திகை. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அன்றைக்குத் தோசையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் சத்திரத்து அறையிலும் அப்பா கறுப்புக் கண்ணாடியோடு லேசர் பிடித்துக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்கு மேடையேறி மூட்டை மேல் உட்கார்ந்தார். சித்தப்பா அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றார். எப்போது கூப்பிட்டாலும் தயார் என்ற மாதிரி. அப்பா அவர் பக்கம் திரும்பவேயில்லை.

நான் வீட்டிலேயே ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். அப்பா மடியில் உட்கார்ந்தேன், ஆனால் உட்காரவில்லை. பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றி, பாரத்தை எல்லாம் என் காலிலேயே தாங்கிக்கொண்டு, மடியில் பட்டும் படாமல் நின்றேன். கூறைப்புடவைக் கட்டுக்குள் அது வெளியே தெரியாது. வாத்தியார் என்னவோ நிதானமாக மந்திரம் சொல்லிக்கொண்டே போனார். என் தொடை நடுங்க ஆரம்பித்தது. மனுஷன் முடித்துத் தொலைக்க மாட்டாரா என்று இருந்தது.

காதுக்குப் பக்கத்தில் அப்பா குரல். "என்னடி பண்றே?"

"ஒண்ணுமில்லப்பா."

"முழுசா உக்காரு."

"வலிக்கும்ப்பா."

"வலிக்கட்டும். பாதிப் பொண்ணைக் குடுக்கவா நான் வந்து உக்காந்திருக்கேன்?"

கொடுக்க நான் என்ன எவர்சில்வர் பாத்திரமா என்று வேறு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்குச் சண்டை வரவில்லை. அழுகைதான் வந்தது. அவர் என் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தார். உட்கார்ந்தேன், மொத்தமாக. "அம்மா" என்று அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதே நேரத்தில் கெட்டிமேளம் கொட்டியது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

தாலி ஏறியதும் எல்லாரும் மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. பிடித்துக்கொள்ள மேடையில் ஜன்னல் கம்பி இல்லை. சித்தப்பா குனிந்து இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். அப்பா முகமெல்லாம் வேர்வை. தம்பி தோளைப் பிடித்த கையை எடுக்காமலே, கீழே நின்ற பிள்ளைவாளைப் பார்த்து, "பாத்தீரா வே, லேசர்!" என்றார்.

"ஆமாண்ணா, ஒசத்தி சாமான்தான்" என்றார் சித்தப்பா. அவரும் கையை எடுக்கவில்லை.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிறந்தாத்தை விட்டுப் போகிற துக்கம் என்று அத்தை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு துக்கமும் இல்லை. எங்கப்பாவுக்கு முட்டு வலித்தது, அதற்குத்தான் அழுதேன்.