எண்ணி எட்டுச் சுற்று

கல்யாண நாளுக்கு மனைவி வாங்கித் தந்த, சாவி கொடுக்கும் வாட்ச் நேற்றும் மதியம் மூன்று மணிக்கு நின்றுவிட்டது.

நின்றதைக் கவனிக்காமல் அதை நம்பி நான் உட்கார்ந்திருக்க, மகள் பள்ளி வாசலில் முக்கால் மணி நேரம் நின்றாள். அதன்பிறகு வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை.

ஆறு வீடியோ பார்த்தேன். ஸ்பிரிங் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். இன்று காலை அஸ்தம்பட்டியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் அக்காவிடம், "ஸ்பிரிங் போயிருச்சுங்க, மாத்திக் குடுங்க" என்று டாக்டர் மாதிரி சொன்னேன்.

அவர் வாட்சைத் திறக்கவே இல்லை. "தினமும் எப்படிங்க சாவி குடுக்குறீங்க?"

"காலையில எண்ணி எட்டுச் சுத்துங்க. மேல போனா அறுந்துருமில்லைங்க?"

அவர் சாவியைச் சுற்ற ஆரம்பித்தார். பத்தைத் தாண்டியதும் எனக்கு வியர்த்தது. இருபதில், "அக்கா, போதுங்க!" என்று கத்தியேவிட்டேன். முப்பதுக்கு மேல் போய் அதுவாக இறுகி நின்றது.

"அவ்ளோதானுங்க. இறுகுற வரைக்கும் குடுங்க, இறுகுனா விட்டுருங்க. எட்டுச் சுத்துக்கு மூணு மணி வரைக்கும் ஓடுனதே பெருசு. என்ன வேலைங்க பாக்குறீங்க?"

"லாரிப் பட்டறைல சக்கரம் மாட்டுறேனுங்க. ஓவரா முறுக்கி ரெண்டு மூணு போல்ட்ட அறுத்திருக்கேன். அந்தப் பயந்தானுங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப அந்தச் சக்கர நட்டுக்கும் எட்டுச் சுத்துதானுங்களா?"

போன வாரம் என்னிடம் சக்கரம் மாட்டிப்போன அண்ணன்மார்களே, பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்று கமெண்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.