அயனிப் பெட்டிக்குச் சாம்பிராணி

எங்கள் வீட்டில் நான் தொடங்கும் வாக்கியங்களை முடித்து வைப்பவர் என் கணவர். எனக்கு ஆஸ்துமா. நாலு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்க வேண்டும். அந்த இடைவெளியில் அவர் புகுந்துவிடுவார். "சாயங்காலம் கோயிலுக்கு..." என்று நான் நிறுத்தினால், "போகண்டாம், கூட்டமா இருக்கும்" என்று முடிப்பார். நான் சொல்ல வந்தது அவரைப் போகச் சொல்லி. மறுத்துப் பேச அடுத்த மூச்சு வருவதற்குள் அவர் செருப்பை மாட்டியிருப்பார்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் கீழே அவருடைய பூஜைச் சாமான் மொத்தக் கடை, மேலே வீடு. கற்பூரம், ஊதுபத்தி, மூட்டை மூட்டையாகச் சாம்பிராணி. "வீட்டுக்குள்ள புகையே கூடாது" என்று எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா சொன்னதை அவர் மிகுந்த பொறுப்போடு நிறைவேற்றினார். கொசுவர்த்தியை நிறுத்தினார். தெருவில் சருகு கொளுத்திய எதிர்வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் தூபக்காலில் தணல் போட்டு, மூலை மூலையாகச் சாம்பிராணி காட்டினார். கேட்டதற்கு, "அது புகை இல்லே, மருந்தாக்கும்" என்றார். மூட்டைக் கணக்கில் விற்கிறவருக்கு வேறெப்படித் தோன்றும்?

அப்படி இருக்கையில்தான் ஒரு விற்பனைக்காரர் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டியோடு மாடி ஏறி வந்தார். சாப்பாட்டு டப்பா அளவு, முகப்பில் ஒரு பச்சை விளக்கு. கூடவே ஒரு கண்ணாடிக் கூண்டு கொண்டுவந்திருந்தார். கூண்டுக்குள் புகை அடைத்துப் பெட்டியை ஓடவிட்டால் புகை காணாமல் போகுமாம். புகைக்கு எங்கே போவது? என் கணவர் பெருமையோடு நம் கடைச் சாம்பிராணியையே எடுத்துக் கொடுத்தார். ஒரு நிமிஷத்தில் கூண்டு பளிச்சென்று ஆகிவிட்டது.

"நெகட்டிவ் அயானாக்கும் சேச்சி. இனி பொன்முடி மலைக் காத்து வீட்டுக்குள்ளயே வரும்" என்றார் வந்தவர்.

நான் வேதியியல் பட்டதாரி. பட்டம் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அவர் சொன்ன அயான் என்பது மின்னேற்றம் பெற்ற அயனி. அது ஒட்டிக்கொண்ட தூசி மாயமாகப் போகாது, பக்கத்துச் சுவரிலோ தரையிலோ போய்ப் படியும் என்று எனக்குத் தெரியும். "அந்தத் தூசி எங்கயும்..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கயும் இருக்காது, அதத்தானே அவரு சொல்லுதாரு" என்று முடித்தார் என் கணவர். பிறகு அரை மணி நேரம் எனக்கு அயனி என்றால் என்னவென்று விளக்கினார்.

நானும் அதற்குமேல் வாதாடவில்லை. உள்ளுக்குள் எனக்கும் ஆசை இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கும் ஒருத்தியிடம் பொன்முடி என்று சொன்னால் அவள் படித்ததெல்லாம் மறந்துபோகும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெட்டியை என் கட்டில் தலைமாட்டில் மாட்டினார்கள். புதுப் பொருள் அல்லவா, சந்தனமும் குங்குமமும் வைத்தார் என் கணவர். முதல் சாம்பிராணியையும் அதற்கே காட்டினார். அதன் வேலையே புகையைப் போக்குவது என்பதில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை. அதோடு விட்டாரா? இதுவரை வெள்ளிக்கிழமை மட்டும் இருந்த சாம்பிராணி தினசரி ஆயிற்று. "மெஷின் சும்மா இருக்கப்படாது அல்லே? எவ்வளவு போட்டாலும் அது பாத்துக்கிடும், கேட்டியா" என்றார். பெட்டியிலிருந்து போட்டோகாப்பிக் கடையில் அடிக்கிற மாதிரி ஒரு காரமான ஓசோன் நெடி வந்தது. அதற்கு மலைக்காற்று என்று பெயர் வைத்தார்.

இரண்டு மாதத்தில் பெட்டியைச் சுற்றி வெள்ளைச் சுவர் தோசைக்கல் அடிப்பாகம் போலக் கறுத்தது. எனக்கு ஸ்பிரே உறிஞ்சுவது காலை, மாலை என்ற கணக்கெல்லாம் போய், கையிலேயே வைத்திருக்கும்படி ஆயிற்று. அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கறையைத் துடைக்கப் போனால் விடமாட்டார். மெஷின் வேலை செய்வதற்கு அதுதான் சாட்சியாம். வருகிறவர் போகிறவரையெல்லாம் என் படுக்கையறைக்குக் கூட்டிவந்து கறையைக் காட்டினார். நான் கட்டிலில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருப்பேன். அவர்கள் சுவரைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் நாகர்கோவிலிலிருந்து அவருடைய தங்கை வந்திருந்தாள். "பாத்தியா, எவ்வளவு அழுக்கப் பிடிச்சுப் போட்டிருக்கு!" என்றார் இவர்.

"மைனிக்குக் குடுத்து வச்சிருக்கு அண்ணா" என்றாள் அவள்.

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. "செவுத்துலயே இவ்வளவுன்னா..." என்றேன். மூச்சு நின்றது. வழக்கம்போல் அவர் முடித்து வைப்பார் என்று பார்த்தேன். வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். எனக்கு மூச்சு வரும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"என் நெஞ்சுக்குள்ள எவ்வளவு இருக்கும்?"

அன்று சாயங்காலம் தூபக்காலைக் கையில் எடுத்தவர் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைக் கீழே கடைக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு சாம்பிராணி மாடி ஏறவில்லை. பெட்டியையும் நானே பிளக்கிலிருந்து பிடுங்கினேன். தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் அப்படிச் சொல்லும் வழக்கம் கிடையாது.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் போனபோது, ஊதிப் பார்க்கும் குழாயில் முள் முன்னைவிட நன்றாகவே மேலே போயிற்று. "கொள்ளாமே! நல்ல வித்தியாசம் உண்டு. என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வீட்டுல ஒரு மெஷின் வச்சோம் டாக்டர். அயான்" என்றார் என் கணவர், கூசாமல்.

டாக்டரம்மா மெஷின் பெயரைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

"இல்லை டாக்டர்" என்றேன். கடையில் தொடங்கி, கண்ணாடிக் கூண்டு, சந்தனம், தினசரிச் சாம்பிராணி, கறுத்த சுவர், பிடுங்கிய பிளக் வரை எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் என் கணவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். நான் மூச்சு வாங்க நிற்கவே இல்லை.