நெற்றியில் தெரியாத காய்ச்சல்

அயனம்பாக்கம் சொர்ணத்துக்கு உலகத்தில் யாரைக் கண்டாலும் ஆகாது. கொரோனா வந்தபிறகு அதற்கு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது. முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் அரட்டை அடிப்பவர்கள், கீரைக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாலையில் இருபது பேரைக் கூப்பிட்டுக் கேக் வெட்டும் மாடிக் குடியிருப்புக்காரர்கள், எல்லோருமே அவளுக்கு மூளையை அடகு வைத்த ஜென்மங்கள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஆறு வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி அம்பத்தூரில் ஒரு டயாலிசிஸ் சென்டருக்குப் போய் நாலு மணி நேரம் இரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஊரடங்கு என்று வீட்டில் கிடந்தால் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். போனாலோ ஒரே அறையில் எட்டுக் கட்டில். இந்த உடம்பில் கொரோனா புகுந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

வாசலில் காய்ச்சல் பார்ப்பார்கள். இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போய் இடம் கிடைக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அதற்குப் பயந்து பக்கத்துக் கட்டில் வேம்புலி, ஆட்டோவிலேயே காய்ச்சல் மாத்திரையை முழுங்கிவிட்டு வந்தார். நெற்றி சில்லென்று இருந்தது. மூன்று வாரத்துக்குள் அவரும் அந்த அறையில் இன்னும் இரண்டு பேரும் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார்கள்.

செத்தவரையும் சொர்ணம் விடவில்லை.

“த்தூ! அவன்லாம் ஒரு மன்சனா? தான் போறது பத்தாதுன்னு ரெண்டு பேர இஸ்துகினு போய்ட்டான்” என்று நர்ஸ் பவித்ராவிடம் பொரிந்து தள்ளினாள்.

அடுத்த திங்கட்கிழமை விடியும்போது அவள் உடம்பு கொதித்தது. இரண்டு நாள் இடைவெளியில் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி வாசல்களில் கிடக்கும் கூட்டத்தை டீவியில் பார்த்திருந்தாள். யோசிக்கவேயில்லை. ஆட்டோவில் ஏறியதும் மாத்திரையை வாயில் போட்டு, டாக்டர் சொன்ன கணக்குப்படி அன்றைக்கென்று அளந்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு மடக்குக் குடித்தாள்.

வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய காய்ச்சல் கருவி அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை.

“உங்கள மாதிரி எல்லாரும் கட்டுப்பாடா இருந்தா எங்களுக்கு என்னம்மா கஷ்டம்?” என்றாள் பவித்ரா.

வேம்புலியின் கட்டிலில் கிருஷ்ணப்பிரியா என்று ஒரு புதுப் பெண். கல்லூரி வயது. முகக்கவசத்தை இறக்கிவிட்டு அழுதுகொண்டிருந்தவள், சொர்ணம் உட்கார்ந்ததும் எட்டி அவள் கையைப் பிடித்தாள். “ஆன்ட்டி, ஊசி ரொம்ப வலிக்குமா?”

சொர்ணம் கையை வெடுக்கென்று உதறினாள். வேம்புலியைத் துப்பிய வாய்தானே இது என்று அவளுக்கு உறைத்தது.

“எட்டப் போ! மூஞ்ச மூடு!” என்று கத்தியவள் எழுந்து நின்றாள். “பவித்ரா, எனக்கு ஜொரம். மாத்திர போட்டுகினு வந்துக்கீறேன். வேம்புலிக்காவது இன்னா ஆவும்னு தெரியாது. நான் அத்தினி பேரும் செத்தத பாத்துட்டு வந்துக்கீறேன்.”

பவித்ரா ஊசித் தட்டோடு இரண்டடி பின்வாங்கினாள். அவள் முகத்தில் இருந்த மரியாதை போய்விட்டது.

ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். வெளிச்சுவர் ஓரம், வெயிலில், வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தாள். உள்ளே யாரோ, “அந்தப் பொம்பளைலாம் மனுஷியா? ரூமையே கழுவி உடுங்க!” என்று கத்துவது கேட்டது.

“கத்தட்டும்” என்று மூச்சை இழுத்து இழுத்து முனகினாள் சொர்ணம். “நானா இருந்தா இன்னும் அசிங்கமா கேட்ருப்பேன்.”