முடிந்த போரின் ஐந்தாம் நாள்

புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் பிராங்பேர்ட்டில் ஒரு மண்டபம் எடுத்து, ஊரில் போரில் இறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் விளக்கேற்றுவார்கள். சென்ற வருடம்தான் அம்மா முதல் முறையாகத் தன் தம்பியின் படத்தைக் கொண்டுவந்தார். போர் முடிந்ததாக அறிவித்து ஐந்தாம் நாள், காட்டில் எஞ்சியிருந்த சிலரோடு நின்று சண்டையில் இறந்தவர் மாமா. கூட இருந்து தப்பியவர்தான் அந்தத் திகதியைச் சொன்னார்.

வாசலில் இறந்தவர்களின் விவரப் படிவங்களை வாங்கிக்கொண்டிருந்த அண்ணை திகதியைப் பார்த்துச் சிரித்தார்.

“சண்டை முடிஞ்ச பிறகு சண்டையில எப்பிடித் தங்கச்சி சாகிறது?”

“முடிஞ்சதெண்டு சுட்டவங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் போல, அண்ணை,” என்றேன் நான்.

“கோவிக்காதேங்கோ. எங்கட பட்டியல் அதுக்கு முதலே முடியுது. திகதியை ஒரு கிழமை முந்திப் போட்டுத் தாங்கோ, படத்தை மேசையில வைப்பம்.”

“கந்தோருக்கு அன்ராக் படிவம் நிரப்புற மாதிரித்தானே, எழுது பிள்ளை,” என்றார் அம்மா.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் அலுவலகப் படிவங்களை எல்லாம் நானே நிரப்புகிறேன். ஒன்றிலும் பொய் எழுதியதில்லை. மாமா உயிரோடு நின்ற கடைசி நாட்களை அழிக்கவா நான் படித்தேன்? பேனாவை மேசையில் எறிந்தேன்.

அவர்கள் படத்தை வாங்கவில்லை. அம்மா கடைசி வரிசையில் அதை மடியில் வைத்திருந்தார். எல்லோரும் பூப்போட எழுந்தபோது, தன் பூவை மடியிலிருந்த படத்தின்மேல் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அண்ணைமேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அம்மாவிடம் நான் மன்னிப்பும் கேட்கவில்லை.